கடைமடைக்கு நெட் விட்டவனுக்கு

நேற்று மாநாட்டில் கொடுத்த சணல் பை இன்னும் மேசைமேல்தான் கிடக்கிறது. அறை முழுக்க அதன் வாடை. நான் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. உள்ளே என்ன இருக்கும் என்று உனக்கும் எனக்கும் தெரியாதா? ஒரு நோட்டு, ஒரு பேனா, நிகழ்ச்சி நிரல், எழுதியவனைத் தவிர வேறு யாரும் படிக்காத கட்டுரைச் சுருக்கங்கள். நம் கல்லூரியில் மாநாடு நடந்த வருஷம் இதே மாதிரி பைகள் வேனில் வந்து இறங்கியபோது நீ ஒன்றை எடுத்து முகர்ந்துவிட்டு, "என்னய்யா இது, மோந்து பாத்தா நெல்லு மூட்ட, தொறந்து பாத்தா வெறும் காயிதம்" என்றாய். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அப்போதெல்லாம் நீ சொல்வதற்குச் சிரிப்பது எனக்குச் சுலபமாக இருந்தது.

நீ போய் நான்கு வருஷம் ஆகிறது. இந்த மடலை எந்த முகவரிக்கும் அனுப்ப முடியாது என்ற தைரியத்தில்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். நீ இருந்தபோதே எழுதியிருக்க வேண்டும். எழுதக்கூட வேண்டாம், நேரில் வந்திருக்கலாம். நீ கடைசியாகக் குடியிருந்த ஒரத்தநாடு என்ன நிலாவிலா இருக்கிறது? தஞ்சாவூரில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரம்கூட ஆகாது. எட்டு வருஷம் நான் அந்தப் பஸ்ஸில் ஏறவில்லை.

உனக்குத் தெரிந்த கதையை உனக்கே சொல்கிறேன், பொறுத்துக்கொள். நமது கணினி மையம் நிற்கிற இடம் உன் அப்பா குத்தகைக்கு எடுத்துச் சாகுபடி செய்த வயல். நிலத்துக்காரர் குடும்பம் அதைக் கல்லூரி அறக்கட்டளைக்கு விற்றபோது, உழுதவர்கள் ஒருவர் பெயரும் குத்தகைப் பதிவேட்டில் இல்லை என்று தாலுகா அலுவலகத்தில் கையை விரித்துவிட்டார்கள். முப்பது வருஷம் அந்தச் சேற்றில் நின்றவருக்கு, அனுமதியின்றி ஆக்கிரமித்திருப்பதாக நோட்டீஸ் வந்தது. வரப்பில் செங்கொடி நட்டார்கள். மறியல் நடந்தது. வேனில் ஏற்றிக்கொண்டுபோய்க் கல்யாண மண்டபத்தில் வைத்திருந்து சாயங்காலம் விட்டார்கள். கடைசியில் ஆளுங்கட்சி ஒன்றியச் செயலாளர் நடுவில் உட்கார்ந்து, வீட்டுக்கு ஒரு வேலை என்று பேசி முடித்தார். அடுத்த தேர்தலில் ஆட்சி மாறியது. புது அமைச்சர் வந்து அதே வயலில் இரண்டாவது கட்டடத்தைத் திறந்துவைத்தார். வேட்டியின் கரை மாறியதே தவிர வேறு எதுவும் மாறவில்லை.

உன் வீட்டுக்குக் கிடைத்த ஒரு வேலை உனக்கு வந்தது. ஐடிஐ முடித்திருந்தாய் என்பதால் கணினி மையத்தில் கேபிள் இழுக்கப் போட்டார்கள். அதே வாரம்தான் நானும் சேர்ந்தேன். நான் படித்தவன் என்பதால் நாற்காலி, நீ நிலம் போன வீட்டுக்காரன் என்பதால் ஏணி. ஒரே வயதுக்காரர்கள் நாம். நாலு பேர் முன்னால் நீ என்னை "சார்" என்பாய், தனியாக இருந்தால் "யோவ்". இரண்டாவதைத்தான் நான் எதிர்பார்த்துக்கொண்டிருப்பேன்.

கல்லூரிக்கு வந்ததோ ஒரே ஓர் இணைய இணைப்பு. அதை அலுவலகம், ஆய்வகங்கள், நூலகம், விடுதி என்று பிரித்துவிடுகிற பெட்டி நம் அறையில் இருந்தது. ஒவ்வொரு கட்டடத்துக்கும் அதில் ஒரு பெயர் கொடுக்க வேண்டும். நான் எண்கள் போட்டிருந்தேன். நீ அழித்துவிட்டு அலுவலகத்துக்குத் தலைமடை என்றும் ஆய்வகங்களுக்கு நடுமடை என்றும் கடைசியில் கிடந்த விடுதிக்குக் கடைமடை என்றும் ஆங்கில எழுத்தில் அடித்துவைத்தாய். வாய்க்கால் முடிகிற இடத்து வயலுக்கு மேலே உள்ளவர்கள் எடுத்ததுபோக மிச்சம்தானே போய்ச்சேரும்? விடுதிக்கு நெட்டும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு பக்கம் திறக்க அரை மணி நேரம்.

அதைச் சரிசெய்ய நீ புத்தகம் எதையும் புரட்டவில்லை. ஆற்றில் தண்ணீர் குறைந்தால் முறை வைத்து விடுவார்களே, அதையே கொண்டுவந்தாய். காலை ஆறிலிருந்து எட்டு வரை விடுதிக்கு முறை. அந்த நேரத்தில் தலைமடையை முழுசாக அடைத்துவிடுவாய். மாலையில் இன்னொரு முறை, அதில் ஆண்கள் விடுதிக்கு ஒரு நாள், பெண்கள் விடுதிக்கு ஒரு நாள். அட்டவணையை உன் கோணல் கையெழுத்தில் எழுதி விடுதி வாசலில் ஒட்டினாய். பிள்ளைகள் "இன்னிக்கு யார் முறை?" என்று கேட்டுக்கொண்டு போவது ஒரே மாதத்தில் வழக்கமாகிவிட்டது.

இதை நான் கட்டுரையாக எழுதினேன். ஒரே மூச்சில் சொல்ல முடியாத ஆங்கிலத் தலைப்பு வைத்து, மூன்று வரைபடம் போட்டு, என் பெயரில். நன்றி சொல்கிற இடத்தில் உன் பெயரைப் போடட்டுமா என்று கேட்டேன். "எம் பேரப் போட்டா எவன்யா படிப்பான், போ" என்று சிரித்தாய். நானும் வற்புறுத்தவில்லை. அதுதான் உன்னிடம் நான் செய்த முதல் களவு. நீயே எடுத்துக் கொடுத்தது மாதிரி இருந்ததால் அதைக் களவென்று நினைக்கவில்லை.

அப்புறம் மாநாடு வந்தது. கல்லூரி வளாகங்களில் மாணவர்களுக்கான தொழில்நுட்பச் சேவைகள் பற்றி வருஷாவருஷம் ஒவ்வொரு கல்லூரியில் நடப்பது, அந்த முறை நமக்குக் கிடைத்தது. தாளாளருக்குத் தலைகால் புரியவில்லை. சாலையிலிருந்து வாசல் வரை வளைவுகள், வாழைமரம், டிஜிட்டல் பேனரில் அமைச்சர் பெரிதாக, அவர் தோளுக்குக் கீழே தாளாளர் சின்னதாக. வளாகம் சுத்தமாகத் தெரிய வேண்டும் என்று இரண்டு நாளைக்கு விடுதிப் பிள்ளைகள் யாரும் வெளியே போகக்கூடாது என்று உத்தரவு. அத்தோடு விட்டாரா? என்னைக் கூப்பிட்டு, "ரெண்டு நாளைக்கு லைன் பூராவும் ஆடிட்டோரியத்துக்கும் கெஸ்ட் ஹவுசுக்கும் குடுத்துருங்க. ஹாஸ்டல மூடிருங்க" என்றார். நான் சரி என்று வந்து உன்னிடம் சொன்னேன்.

"மாணவர் சேவைக்கு மாநாடு, மாணவனுக்கு நெட் கெடையாது" என்றாய் நீ. "பொண்ண ரூமுக்குள்ள போட்டுப் பூட்டிட்டு ஊருக்கே கல்யாண விருந்து போடறாப்ல இருக்குய்யா." சொல்லிவிட்டு, சொன்னபடி மூடினாய்.

இரண்டாம் நாள் காலை. நான் புதுக் கோட்டு போட்டிருந்தேன், கழுத்தில் அட்டை. நாம் நின்றிருந்த கணினி மைய உதவி மேசைக்கு ஒரு பெண் வந்தாள். அதிராம்பட்டினம் பக்கத்து மீனவக் குடும்பம், இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். கையில் பிளாஸ்டிக் உறைக்குள் சான்றிதழ்கள்.

"அண்ணே, ஸ்காலர்ஷிப்புக்கு இன்னிக்கு அஞ்சு மணிதாண்ணே கடைசி. ஹாஸ்டல்ல நெட்டு வரல. வெளிய போயி போடலாம்னா கேட்ல வுடமாட்டேங்குறாங்க" என்றாள். "எங்க பிளாக்ல நெறைய பேரு இருக்கோம்ணே. நேத்து போடலாம்னு இருந்தோம், நேத்தே கட் பண்ணிட்டாங்க."

"போடலன்னா என்னம்மா ஆவும்?" என்றாய் நீ.

"எங்கப்பா வரச் சொல்லிருவாருண்ணே. இப்பவே கடல்ல மீன் இல்ல."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் நான் ஏதாவது ஆறுதல் சொல்லி அனுப்பியிருப்பேன். உன்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். நீ என்னைத் தனியே கூப்பிட்டாய். விடுதிப் படிப்பறையில் இருக்கிற இரண்டே இரண்டு கணினிக்கு மட்டும் கொஞ்சம் திறந்துவிடுகிறேன், அஞ்சு மணிக்கு மூடிவிடுகிறேன், மேலே யாருக்கும் எதுவும் குறையாது என்றாய். எனக்கும் அது தெரியும். நான் வாசல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னது இது: "தொறந்துவிடு. எங்கிட்ட கேட்டதா இருக்க வேணாம். ஏதாவது வந்தா நான் பாத்துக்கறேன்."

நான் பார்த்துக்கொண்ட லட்சணத்தை இனிமேல்தான் சொல்ல வேண்டும்.

பதினோரு மணிக்கு அமெரிக்காவிலிருந்து ஒருவர் வீடியோவில் பேச ஆரம்பித்தார். பாதியில் வாயைத் திறந்தபடியே உறைந்துபோய்விட்டார். அரங்கத்தில் சிரிப்பு. தாளாளர் முகம் கறுத்தது. காரணம் எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். விருந்தினர் விடுதியில் காலை அமர்வுக்கு வராமல் படுத்திருந்த பிரதிநிதிகள் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதைப் போய்ச் சொல்லும் துணிச்சல் யாருக்கு இருக்கிறது? ஏதோ கோளாறு என்று மைக்கில் அறிவித்தார்கள்.

அடுத்தது என் கட்டுரை. விடுதிக்கு முறை வைத்து நெட் கொடுக்கும் கதையை, விடுதிக்கு நெட்டை அடைத்துவிட்ட நாளில், மேடையில் நின்று படித்தேன். நாக்கு கூசவில்லை. படித்ததோடு இறங்கியிருக்கலாம். பெருமை விடவில்லை. நம் பெட்டியின் திரையை அப்படியே நேரலையாகக் காட்டுகிறேன் என்று காட்டினேன். நாலு ஆள் உயரத் திரையில் தலைமடை, நடுமடை, கடைமடை எல்லாம் விரிந்தன. பூஜ்யத்தில் படுத்துக்கிடக்க வேண்டிய கடைமடைக் கோடு மெல்லத் துடித்துக்கொண்டிருந்தது. காலையில் நானே திறக்கச் சொன்னது எனக்கே மறந்துபோயிருந்தது.

தாளாளர் வாய்க்கால் தலைப்பில் நிலம் வைத்திருக்கிற வீட்டுக்காரர். அவருக்கு வரைபடம் படிக்கத் தெரியாது என்று நீயும் நானும் கேலி செய்திருக்கிறோம். ஆனால் எந்த மடையில் தண்ணீர் போகிறது என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முன்வரிசையில் இருந்தபடியே, "கடைசில ஒண்ணு ஓடுதே, அது ஹாஸ்டல்தானே? யாரு தொறந்தது?" என்று கேட்டார். அரங்கமே என்னைப் பார்த்தது. நீ பின்னால் புரொஜக்டர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாய்.

"விசாரிக்கிறேன் சார்" என்றேன்.

மேடையிலிருந்து இறங்கி நம் அறைக்கு ஓடிவந்தேன். எனக்கு முன்பே நீ வந்து பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாய். உடனே மூடு என்று கத்தினேன். நீ திரும்பாமல், "இன்னும் பாதிப் புள்ளைங்க போடலய்யா. அஞ்சு மணிக்கு மூடிர்றேன்" என்றாய். நானே மூடியிருப்பேன். மூடவில்லை. கருணையால் என்று நினைத்துவிடாதே. எப்படி மூடுவது என்று எனக்குத் தெரியாது. அதைப் பற்றிக் கட்டுரை எழுதியவன் நான்.

ஐந்தரைக்குக் கூப்பிட்டார்கள். தாளாளர் அறையில் அவர், கல்லூரி முதல்வர், நான். நீ கதவோரம் நின்றாய். உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

"யாரக் கேட்டுத் தொறந்த?"

"புள்ளைங்க கேட்டுச்சுங்க."

"அத நான் கேக்கல. உனக்கு யாரு உத்தரவு குடுத்தது? சார் சொன்னாரா?"

நீ என்னைப் பார்த்தாய். கெஞ்சலும் இல்லை, மிரட்டலும் இல்லை, சும்மா ஒரு பார்வை. இப்போது பேசு என்று இடம் விட்டாய். நான் மேசைமேலிருந்த பூச்செண்டைப் பார்த்தபடி, "எனக்குத் தெரியாம நடந்துருக்கு சார்" என்றேன்.

"ஆமாங்க, சாருக்குத் தெரியாது. நானாத்தான் தொறந்தேன்" என்றாய் நீ.

அத்தோடு ஒரு மெமோவில் முடிந்திருக்கும். தாளாளர் வாய் சும்மா இருக்கவில்லை. "அப்பன் புத்தி எங்க போவும்? எடம் குடுத்தவனையே எதுத்து நிக்கிறது" என்றார். நீ குரலை உயர்த்தவில்லை. "எடம் நீங்க குடுக்கலீங்களே" என்றாய். முதல்வர் கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு அந்த நிமிஷம் உன்மேல்தான் கோபம் வந்தது, தெரியுமா? வாயை மூடிக்கொண்டு இருந்தால் என்ன என்று கோபம். என் பயத்தை எல்லாம் உன் வாய்க்கொழுப்பு என்று மாற்றிக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது.

உன்னை வேலையைவிட்டு எடுக்கும் கடிதத்தை நான்தான் தட்டச்சு செய்தேன். வேறு யாருக்கும் அவ்வளவு பிழையில்லாமல் ஆங்கிலம் வராது என்றார் முதல்வர். நீ நின்றுகொண்டே படித்தாய். அனுமதியின்றி என்பதற்கான ஆங்கில வார்த்தையில் விரலை வைத்து, "எங்கப்பாவுக்கு வந்த நோட்டீஸ்லயும் இதான்யா போட்டிருந்துச்சு. எங்க வூட்டுக்குன்னே வச்சிருக்காங்க போல" என்றாய். கையெழுத்துப் போட்டுவிட்டு சைக்கிள் நிறுத்துகிற இடம் வரை என்னோடு நடந்தாய்.

"நீ ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்யா."

"எனக்கும் குடும்பம் இருக்குல்ல?"

"நான் மட்டும் என்ன, கோயில் மாடா?"

நீ வண்டியை எடுத்துக்கொண்டு போனாய். நான் நிறைவு விழாவுக்குத் திரும்பினேன். சிறந்த கட்டுரைக்கான கேடயம் எனக்குக் கிடைத்தது. மறுவருஷம் துறைத்தலைவர் ஆனேன். உன் அட்டவணையைக் கிழித்துப்போட்டுவிட்டு கட்டடங்களுக்குப் பழையபடி எண்களைப் போடச் சொன்னார்கள். போட்டேன்.

அதன்பிறகு நீ கேபிள் நெட் கொடுக்கிற ஒருவரிடம் சேர்ந்து, கடலோர ஊர்களுக்கெல்லாம் லைன் இழுத்துக்கொண்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன். பரவாயில்லை, பிழைத்துக்கொண்டான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எவ்வளவு சௌகரியமான செய்தி! மழைக்காலத்தில் அறுந்த கேபிளைக் கட்ட ஏறிய மாடியிலிருந்து வழுக்கி விழுந்தாய் என்பதை நம் பழைய ஊழியர்களின் வாட்ஸ்அப் குழுவில்தான் பார்த்தேன். இரண்டு பிறந்தநாள் வாழ்த்துகளுக்கு நடுவில் உன் படம். எட்டு வருஷமாக ஏறாத பஸ்ஸில் அன்று ஏறினேன்.

உன் மனைவி என்னை அடையாளம் கண்டுகொண்டார். திட்டுவார் என்று பயந்துகொண்டு போனேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "வாங்கண்ணே" என்று நாற்காலி போட்டார். "உங்களப் பத்தி அவுங்க ஒரு வார்த்த தப்பா சொன்னதில்லண்ணே. ஏன் வேலைய வுட்டு எடுத்தாங்கன்னு கேட்டாக்கூட, நாந்தான் வாயக் குடுத்துட்டேன்னுதான் சொல்வாங்க." உள்ளதை அப்போது அவரிடம் சொல்லியிருக்கலாம். சாவு வீட்டில் எதற்கு என்று எழுந்து வந்துவிட்டேன். காரணம் கண்டுபிடிப்பதில் நான் கெட்டிக்காரன், உனக்குத் தெரியும்.

நேற்று என்ன நடந்தது என்று சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். இந்த வருஷ மாநாடு வேறொரு ஊரில், வேறொரு கல்லூரியில். என்னை மூத்தவன் என்று முன்வரிசையில் உட்காரவைத்திருந்தார்கள். அந்தக் கல்லூரியில் மாணவர் சேவை மையத்தைப் பார்த்துக்கொள்கிற பெண் பேச வந்தாள். முப்பது வயதிருக்கும். காலை நேரத்தில் விடுதிக்கென்றே தனியாக இணைப்பை ஒதுக்கிவைப்பதாகச் சொன்னாள். அவள் யாரென்று அப்போதும் எனக்குத் தெரியவில்லை. திடீரென்று பேச்சை நிறுத்திவிட்டு என் பக்கம் கையைக் காட்டினாள்.

"நான் சார் காலேஜ்லதான் படிச்சேன். ஒரு மாநாட்டு அன்னிக்கு ஹாஸ்டல்ல நெட்ட கட் பண்ணிட்டாங்க. ஸ்காலர்ஷிப் போடக் கடைசி நாள். மேல இருக்கறவங்க சொன்னதையும் மீறி சார் எங்களுக்காகத் தொறந்துவிட்டாங்க. எங்க பிளாக்ல அத்தன பேரும் போட்டோம். இல்லன்னா நான் மீன் வித்துட்டுத்தான் இருந்திருப்பேன். இன்னிக்கு நான் செய்யறது எல்லாம் சார்கிட்ட பாத்ததுதான்."

உதவி மேசையில் உன் முகத்தைப் பார்த்துக் கேட்டவள்தான். நீ போன பிறகு, துறைத்தலைவர் துணிந்து திறந்துவிட்டார் என்று விடுதியில் யாரோ கட்டிவிட்ட கதையில் அவள் நினைவும் கரைந்துபோயிருக்கிறது. நாற்காலியில் இருப்பவன்தானே எதையும் திறந்திருக்க முடியும்?

அரங்கம் கைதட்டியது. ஒலிவாங்கியை என் கையில் கொடுத்தார்கள். உன் பெயர் மூன்றெழுத்து. சொல்ல ஒரு வினாடி ஆகாது. தாளாளர் செத்துப்போய்விட்டார், எனக்கு ஓய்வு நெருங்கிவிட்டது, இனி எவனும் என்னை எதுவும் செய்ய முடியாது. குடும்பம், வேலை என்ற சாக்கு ஒன்றுகூட மிச்சமில்லை.

நான் எழுந்து, எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, உட்கார்ந்துகொண்டேன்.